வெட்டிய படத்தில் ஒரு குடை

காளீஸ்வரிக்கு ராஜபாளையத்தில் ஒரு மில் அலுவலகத்தில் வேலை. மாடியில் ஓர் அறை வாடகைக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் பேச ஆளில்லாமல் ‘ஜன்னல் சீட்டு’ என்று ஓர் இணையதளம் தொடங்கி, பஸ் பயணங்களைப் பற்றி எழுதிவந்தாள். பிறர் படத்தைத் திருடிப் போட மனம் வராது. யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று எடுத்தவர்களே இலவசமாகத் தந்திருக்கும் படங்களாகப் பார்த்து, அவர்கள் பெயரோடு போடுவாள்.

அன்று ‘ஸ்ரீவில்லிபுத்தூர் மழை’ என்று தேடியபோது திரையில் அவளே வந்து நின்றாள்.

ரத வீதி. ஐப்பசி மழை. பால்கோவாப் பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்தபடி அவள். பக்கத்தில் குடையோடு அவள் கணவன் சூர்யபிரகாஷ். யாரோ, எப்போதோ எடுத்திருக்கிறார்கள்.

இப்போது அவன் ஸ்ரீவில்லிபுத்தூரில், அவள் இங்கே. பெரிய சண்டைகூட இல்லை. வேலையை விடமாட்டேன் என்றாள். “அப்ப ஒன் இஷ்டம்” என்றான். தன்மேல் அக்கறையே இல்லாத மனுசன் என்று கிளம்பி வந்தாள். வா என்று அவனும் கூப்பிடவில்லை, வரட்டுமா என்று அவளும் கேட்கவில்லை. அரை மணி நேர பஸ் தூரத்தில் ஒரு வருடம் போய்விட்டது.

படத்திலிருந்து அவனை வெட்டினாள். தான் மட்டும் நிற்பதைத் தளத்தில் போட்டு, ‘படம்: ஜெபா, மம்சாபுரம்’ என்று கீழே எழுதினாள். அவன் பார்த்தால் பார்க்கட்டும்.

மறுநாள், தளத்தில் கொடுத்திருந்த எண்ணுக்கு அழைப்பு வந்தது.

“அக்கா, நான் ஜெபா. அந்தப் படம் எடுத்தவ. பேரு போட்டிருக்கீக, சந்தோஷம். ஆனா வெட்டுனதையும் சொல்லணும்லா? சும்மா எடுத்துக்கோங்கன்னுதான் குடுத்திருக்கேன், இந்த ரெண்டுதான் கண்டிஷன்.”

“மறந்துட்டேம்மா. என்னன்னு எழுத?”

“எதை வெட்டுனீகளோ அதை எழுதுங்க. இப்படியாக்கா வெட்டுவாக? குடை அந்தரத்துல தொங்குது. பேய் பிடிச்ச குடை மாதிரி!”

காளீஸ்வரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“அதுல நிக்கது நீங்கதான? தளத்துல ஒங்க போட்டோ பாத்தேன். அந்த ஆளு யாருக்கா?”

“தெரியாத ஆளு.”

“நல்லா சொன்னீக! தெரியாத ஆளா, தான் நனைஞ்சுகிட்டு முழுக்குடையவும் ஒங்களுக்குப் பிடிப்பாகளாக்கும்? நான் அந்தப் படத்த எடுத்ததே அதுக்குத்தான்.”

மாலையில் முழுப் படத்தையும் மறுபடி திறந்தாள். முதலில் அவன் முகத்தைத்தான் பார்த்திருந்தாள். இப்போது தோளைப் பார்த்தாள். சட்டை உடம்போடு ஒட்டிக் கிடந்தது. காதோரம் தண்ணீர் வழிந்தது. அவள் புடவையில் ஒரு துளி இல்லை. அவளோ, பொட்டலம் நனைகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெட்டியதை ஒரு வரியில் எழுதப் பார்த்தாள். ‘கணவர் நீக்கப்பட்டார்.’ அழித்தாள். ‘வலப்பக்கம் நின்றவர்’ என்று தொடங்கினாள். அதையும் அழித்தாள். கடைசியில் முழுப் படத்தையே போட்டுவிட்டாள். எதையும் மாற்றவில்லை என்பதால் எழுதவும் எதுவும் இல்லை.

கதவுக்குப் பின்னால் அதே குடை தொங்கிக்கொண்டிருந்தது. அவன் வீட்டிலிருந்து வரும்போது கையோடு எடுத்து வந்தது.

அந்தப் பக்கத்தின் இணைப்பை அவன் எண்ணுக்கு அனுப்பினாள். கீழே எழுதினாள்: “குடை எங்கிட்டதான் இருக்கு. மழைக்கு என்ன செய்றீங்க?”

பதில் வரவில்லை. தனக்கு மட்டும் இரண்டு தோசை ஊற்றினாள். ஆவி படாத தூரத்தில், திரை தெரியும்படி, போனை அடுப்பு மேடையிலேயே வைத்திருந்தாள்.