வெட்டுக்கல் கூட்ரோட்டில் பதமான நாக்கு

ஆம்பூரிலிருந்து வேலூர் போகிற ரோட்டில் வெட்டுக்கல் கூட்ரோடு என்று ஓர் இடம் இருந்தது. ஒரு பக்கம் தார் ரோடு, பின்பக்கம் பாலாறு. ஆறு என்று சொன்னது மரியாதைக்காக. கரையிலிருந்து கரைக்கு மணல்தான். அதில் தண்ணீர் ஓடிப் பார்த்ததாகச் சொன்ன ஒரே ஆளும் சத்தியம் செய்யச் சொன்னதும் பேச்சை மாற்றிவிட்டார். சித்திரையில் காற்று எழுந்தால் மணல் ஆற்றை விட்டுக் கிளம்பும். ரோட்டைக் கடந்து கடை கடையாக ஏறி இறங்கும். எல்லார் சோற்றிலும் பங்கு எடுத்துக்கொண்டு பொழுது சாய ஆற்றுக்குத் திரும்பிவிடும். இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கல்லாவில் உட்கார்ந்திருப்பவர்களைவிட அது ஒழுங்கானது.

ரோட்டுக்கு இருபுறமும் கொஞ்சம் கடைகள். டயருக்குப் பஞ்சர் ஒட்டுகிறவன், வெற்றிலைபாக்குக் கடை, சோடா கடை, இரண்டு ஓட்டல். அந்த ஊரில் யாரும் யாரையும் பார்த்துச் சிரித்ததில்லை. சிரித்தால் பல்லில் மணல் ஒட்டும் என்பது வெளியில் சொல்லும் காரணம். கிழக்கு ஓட்டல் வீரபாகுவுடையது. கடைக்காரர் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். கொட்டகை இறக்கி ரோட்டைப் பாதி பிடித்து வைத்திருந்தார். வாய் திறந்தால் எதிரே நிற்பவன் மூன்று தலைமுறைக்குத் திட்டு வாங்கிக்கொண்டு போவான். மேற்கு ஓட்டல் ஜான் பாஷாவுடையது. இந்த இருவரும் ஒரே விஷயத்தில் ஒத்துப்போனதாகச் சரித்திரம் இல்லை. ஒருவர் கடை வேப்பமரத்து நிழல் மற்றவர் பக்கம் சாய்ந்தால் கிளையை வெட்டுவார்கள்.

கூட்ரோட்டில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. சென்னைக்குப் பச்சைத்தோல் ஏற்றிப் போகும் லாரிகளுக்கு இங்கே வரும்போது ரேடியேட்டர் கொதித்துவிடும். தண்ணீர் ஊற்றியாக வேண்டும். வண்டிக்கு யார் தண்ணீர் கொடுத்தாரோ அவர் கடையில்தான் டிரைவர் டீ குடிக்க வேண்டும். தண்ணீர் ஓரிடம், டீ வேறிடம் என்று போனவனுக்கு அடுத்த தடவை இரண்டும் கிடைக்காது.

நயா பைசா வந்த வருஷம், குடியாத்தத்திலிருந்து பூரணி என்றொரு பெண் வந்து, ஊர்க்கோடியில் ஓலை சாய்த்துக் கடை போட்டாள். புருஷன் லாரி கிளீனர். பம்பாய்க்குப் போன வண்டி திரும்பி வந்தது, அவன் வரவில்லை. வீட்டுத் தறியை விற்று ஒரு பாய்லரும் பெஞ்சும் வாங்கியிருந்தாள். இந்தக் கடை போனால் அவளுக்குத் திரும்பிப் போக வாசல் கிடையாது. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சந்தோஷப்படுவார்கள் என்று வந்த அன்றைக்கே தெரிந்துவிட்டது.

குடத்தோடு வீரபாகுவின் கிணற்றுக்குப் போனாள்.

"இன்னாம்மா, தண்ணி வேணுமா? ஆறு பின்னாலேயே இருக்குதே. போய் மொண்டுக்க" என்றார் வீரபாகு.

ஜான் பாஷா கிணற்றுக்குப் போனாள்.

"தலைவர் கொடுத்துட்டாரா? இல்லியா? அப்ப நான் கொடுத்தா அவருக்குப் பேஜாரு ஆய்டும்மா" என்றார் பாஷா. வீரபாகுவின் மனது நோகக் கூடாதென்று அவர் கவலைப்பட்டது அதுதான் முதல் தடவை.

பூரணி வீரபாகு சொன்னபடியே செய்தாள். கடைக்குப் பின்னால் மணலில் இறங்கி ஊற்று தோண்டினாள். இடுப்பளவு தோண்டியதும் தண்ணீர் சுரந்தது. ஓட்டல் கிணறுகள் இரண்டும் உப்பு. ரேடியேட்டரில் ஊற்றினால் உள்ளே சுண்ணாம்பு படியும். இந்தத் தண்ணீரோ இளநீர் மாதிரி. ஒரு வாரத்தில் லாரிகள் கோடிக்குப் போய் நிற்க ஆரம்பித்தன.

அன்றைக்கு வீரபாகு ரோட்டைக் கடந்து ஜான் பாஷா கடைக்குள் போனார். பார்த்த சோடாக்காரனுக்குக் கையிலிருந்த பாட்டில் தானாக வெடித்தது.

"பாய், அந்தப் பொம்பளய இங்கேர்ந்து கிளப்பணும்."

"நான் நேத்தே நெனச்சேன். நீ எதிர்ப்பேன்னு சொல்லல."

திட்டம் இப்படி. பாஷாவின் மைத்துனன் ஒரு தோல் ஷாப்பில் பீப்பாய் வண்டி ஓட்டுகிறவன். ஆவாரம்பட்டை ஊறவைத்துத் தோல் பதம் செய்த பழைய தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றில் கொட்டிவிடுவது. அந்த நாற்றத்தில் டிரைவர்கள் காறித் துப்பிவிட்டுப் போவார்கள். வெள்ளிக்கிழமை ரோடு ஓவர்சியர் வருகிறார். கெட்ட தண்ணீரில் டீ போடுகிறாள், இடமும் புறம்போக்கு என்று வீரபாகு பிராது சொல்ல வேண்டியது. சாயங்காலத்துக்குள் ஓலையைப் பிடுங்கிவிடுவார்கள். கொட்டுவது பாஷா பொறுப்பு, பேசுவது வீரபாகு பொறுப்பு.

உச்சி வெயிலில் வண்டி போனது. அந்த நேரத்தில் மணலில் கால் வைக்க யாராலும் முடியாது. மாடுகளுக்குச் செருப்பு கட்டி ஓட்டினார்கள். நாலு பீப்பாய் பட்டைத் தண்ணீரும் ஊற்றுக்குள் போய்விட்டது.

யாரும் துப்பவில்லை.

தோல் ஷாப்புகளுக்கு நடுவிலே பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஆவாரம்பட்டை வாசனை மூக்கில் ஏறாது. காற்றே அந்த வாசனைதான். அதிலும் பச்சைத்தோல் மூட்டைமேல் படுத்துத் தூங்கும் டிரைவருக்கு என்ன தெரியும்? நிறமும் டீ நிறம். வைகாசியில் ஊற்றுத் தண்ணீர் கொஞ்சம் சிவக்கும் போலிருக்கிறது என்று பூரணி நினைத்துக்கொண்டாள். டீத்தூள் கம்மியாகச் செலவாவதைப் பார்த்துச் சாமிக்கு ஒரு கற்பூரமும் ஏற்றினாள்.

ஆம்பூர் டிரைவர் நந்தகோபால் டீயை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "இன்னா அக்கா, ஆறிப்போன டீய குடுக்கிற?" என்றான். பாய்லர் அப்போது விசில் அடித்துக்கொண்டிருந்தது. அவன் நாக்குக்குச் சூடு தெரியவில்லை. "அது போவட்டும். என் வண்டி ரேடியேட்டர் வருஷக்கணக்கா ஒழுகுது. உன் தண்ணிய ஊத்தினப்புறம் நின்னுபோச்சு. இன்னா மாயம் பண்ற?" என்றும் கேட்டான். அந்தச் செய்தி அவனைவிட வேகமாகச் சென்னைக்குப் போனது. அரக்கோணம் போகவேண்டிய லாரியெல்லாம் வழியை மாற்றிக்கொண்டு இந்த ரோட்டில் வந்து ஒழுக்கை அடைத்துக்கொண்டு போயின.

வீரபாகுவுக்கு விஷயம் புரிந்துவிட்டது, அதாவது அவர் புத்திக்குப் பட்டபடி. பாய் துரோகம் செய்துவிட்டான். பட்டைத் தண்ணீர் என்று சொல்லி நல்ல தண்ணீரைக் கொட்டியிருக்கிறான். சோதித்துப் பார்க்க அவரே பூரணி கடைக்குப் போய் ஒரு டீ வாங்கினார். முகர்ந்தார். ஒன்றும் இல்லை. குடித்தார். துவர்ப்பு இருந்தது, ஆனால் அவர் கடை டீயே துவர்ப்புதான்.

"இன்னாண்ணா, உன் கடை டீய நீயே குடிக்க மாட்டியா?" என்றாள் பூரணி.

"உன் டீ டீயா? கழுதை மூத்திரம்" என்று சொல்லிவிட்டு இன்னொன்று கேட்டார். சாட்சியம் கெட்டியாக இருக்க வேண்டுமென்று வெள்ளிக்கிழமை வரைக்கும் விடிந்ததிலிருந்து பொழுது போகும்வரை குடித்தார். டிரைவர்கள் வந்து ஒரு டீ குடித்துப் போகிறவர்கள். வீரபாகு ஊறினார். தொட்டியில் ஊறுகிற தோலுக்குக்கூட நடுவிலே புரட்டிப்போடும் ஓய்வு உண்டு.

வெள்ளிக்கிழமை ஓவர்சியர் கங்காதரன் வந்தார். ஆம்பூரில் தைத்த புது பூட்ஸ் போட்டிருந்தார். ஒவ்வொரு அடிக்கும் அது கிறீச், கிறீச் என்றது. வழி நெடுக ஜனங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததில் ஏற்கனவே கொதித்துப் போயிருந்தார்.

கடைக்காரர்கள் சூழ்ந்து நின்றார்கள். பூரணி பாய்லர் பக்கத்தில் முந்தானையை இறுக்கிச் செருகிக்கொண்டு நின்றாள். அவள் பக்கம் ஒருவரும் இல்லை.

"யாரோ பிராது சொல்லணும்னாங்களாமே. யாரு?" என்றார் ஓவர்சியர்.

வீரபாகு முன்னால் வந்தார். தொண்டையைச் செருமினார். வாயைத் திறந்தார்.

"கிறீச்."

ஓவர்சியர் குனிந்து தன் பூட்ஸைப் பார்த்தார். நிமிர்ந்தார். "இன்னா சொன்னே?"

வீரபாகு கையைக் காலை ஆட்டி, பலம் கொண்ட மட்டும் பேசினார். "கிறீச், கிறீச், கிறீச்!"

"ஓவர்சியரைக் கிண்டலா பண்றே?" ஓவர்சியருக்குக் காது சிவந்தது. "எது உன் கடை? அந்தக் கொட்டகையா? கவர்மெண்டு ரோட்டுல பாதி உன் அப்பன் வீட்டு முற்றமா?"

வீரபாகு திரும்பி ஜான் பாஷாவைப் பார்த்தார். நீ சொல்லேன் என்று கண்ணால் கெஞ்சினார். பாஷா கையைக் கட்டிக்கொண்டார்.

"பேசறது உன் பொறுப்பு. நான் கொட்டறதோட சரி."

வீரபாகு அவர் சட்டையைப் பிடித்து உலுக்கிக் கிறீச்சிட்டார். நல்ல தண்ணீரைக் கொட்டிவிட்டாய் என்று திட்டுகிறார் என்பது அந்தச் சத்தத்திலேயே பாஷாவுக்கு விளங்கிவிட்டது. இருபது வருஷப் பகை அப்படி.

"யாருடா துரோகி? நாலு பீப்பாய் பட்டைத் தண்ணி! மாட்டுக்குச் செருப்பு கட்டி ஓட்டிக்கினு போய் ஊத்தினேன்! என் மச்சானக் கேளு!"

கூட்டம் மொத்தமும் பாஷா பக்கம் திரும்பியது. பூரணி ஊற்றுப் பக்கம் பார்த்தாள், வீரபாகுவின் வாயைப் பார்த்தாள், பிறகு நந்தகோபாலின் ரேடியேட்டரை நினைத்துக்கொண்டாள்.

பொழுது சாய்வதற்குள் கொட்டகையைப் பிரித்துப் போட்டுவிட்டார்கள். வீரபாகுவினுடையதை. ஓவர்சியர் நின்று பார்த்துவிட்டுத்தான் போனார். கோடியிலிருந்த ஓலையை அளக்கவே மறந்துபோனார்.

பூரணி அந்த ஊற்றை வண்டிகளுக்கு மட்டும் என்று விட்டுவிட்டு, டீக்குத் தள்ளி வேறொன்று தோண்டினாள். பழைய ஊற்றிலிருந்து ஒரு சின்னக் குடத்தில் மட்டும் மொண்டு தனியாக மூடி வைத்தாள்.

பதம் செய்த தோலுக்கு எண்ணெய் போட்டால் இளகும் என்று வேலூர் வைத்தியர் சொன்னார். வீரபாகு தினமும் காலையில் வெயிலில் உட்கார்ந்து, நாக்கை நீட்டி, நல்லெண்ணெய் தடவித் தேய்ப்பார். ஆடியில் நாக்கு இளகிவிட்டது. முதல் வேலையாக ரோட்டைக் கடந்து கோடிக்குப் போய், பூரணி கடை எதிரில் நின்றுகொண்டு அவளுடைய மூன்று தலைமுறையையும் ஆரம்பித்தார். முதல் தலைமுறைகூட முடியவில்லை.

பூரணி அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. கையை நீட்டிச் சின்னக் குடத்தின் மூடியைத் திறந்தாள்.

"அண்ணனுக்கு ஒரு டீ போடட்டா?"

வீரபாகு வாயை மூடிக்கொண்டார்.