தையல் மிஷினா, மாதா படமா?

1

இந்தக் கதை ஒரு கணினி நிரலிலிருந்து கிளம்பியது என்றால் நம்ப மாட்டீர்கள். என் கதைகளைத் தொகுப்புக்காக வரிசைப்படுத்தத் தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தேன். சார்பு நிரலாக்கம் (functional programming) எழுதிப் பிழைப்பவள் வேறென்ன செய்வாள்? ஒரு நிரல் எழுதினேன். அது இரண்டிரண்டு கதையாகக் காட்டி, "இதுவா, அதுவா?" என்று கேட்கும். நான் சொல்லும் பதில்களை வைத்து மொத்தத்தையும் அடுக்கிவிடும்.

(ஒரு சிக்கல். அந்த உலகத்தில் சார்பு என்றால் தூயது: அதே இரண்டைக் கொடுத்தால் எப்போதும் அதே விடைதான். மனுஷியைக் கேட்டு வா என்றால் அதற்குக் கை கால் உதறும். நின்று, காத்திருந்து, அவள் சொல்வதை வாங்கிக்கொள்ள வேண்டுமே.)

மூன்றாவது கேள்விக்கே நான் முன்னுக்குப் பின் முரணாகப் பதில் சொன்னேன். வரிசை வட்டமாகிவிட்டது. என்னை நானே திட்டிக்கொண்டிருந்தபோதுதான் ழுலியேத் என்றொரு காரைக்கால்காரி மனதுக்குள் வந்து உட்கார்ந்தாள்.

2

முதல் தொடக்கம்: "1955. காரைக்கால் கடற்கரையில் அலைகள்—"

வேண்டாம். அலைகள் அதுபாட்டுக்கு இருக்கட்டும்.

இரண்டாவது: ரொபேர் பெட்டியைத் திறந்தான். இது தேவலை.

ரொபேர் சைகோனில் பிரெஞ்சுப் படையில் இருந்தவன். ஊரில் 'சொல்தா' என்பார்கள். காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி இறங்கிய மறு வருடம் பிரெஞ்சு நாட்டு மர்சே துறைமுகத்தில் வேலை தேடிக்கொண்டான், கப்பலுக்கும் ஏற்பாடு செய்தான். பிறகு மனைவி ழுலியேத்திடம் புறப்படும் நாளைச் சொன்னான். கொண்டுபோக ஒரே டிரங்குப் பெட்டி. எதையெல்லாம் எடுக்கட்டும் என்றால், "எல்லாந்தாங்க வேணும்" என்கிறாள். சரி, இரண்டிரண்டாகக் கேட்போம் என்று ஆரம்பித்தான்.

"தையல் மிஷினா, மாதா படமா?"

"மிஷினு."

"மாதா படமா, அரக்குப் பெட்டியா?" (அரக்கு மெருகு பூசிய சின்னப் பெட்டி, அவன் சைகோனிலிருந்து அவளுக்கு வாங்கி வந்தது.)

"மாதாவ விட்டுட்டு எப்படிங்க?"

அப்படியானால் மிஷின், மாதா, அரக்குப் பெட்டி. மேற்கொண்டு கேட்க வேண்டியதில்லை. என் நிரலும் இங்கே கேட்காது. ஆனால் படையில் இருந்தவன் சரிபார்க்காமல் விடுவானா?

"அரக்குப் பெட்டியா, மிஷினா?"

"அரக்குப் பெட்டிதான்."

"வெளயாடுறியா நீ? மொதல்ல மிஷினுன்னே!"

"அப்ப மறுபடி கேளுங்க."

கேட்டான். மறுபடியும் வட்டம். அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துகொண்டான்.

3

எனக்கு ழுலியேத் மேல் சந்தேகம் வந்தது. இவ்வளவு குழப்பக்காரியா இவள்? மூன்றாவது பதிலை அடித்துவிட்டு— இல்லை, அடிக்கவில்லை. அவளையே பேசவிட்டேன். (பாத்திரங்கள் தாமாகப் பேசுகின்றன என்னும் எழுத்தாளர்களை நம்பாதீர்கள். நான்தான் எழுதினேன்.)

"கல்யாணமாகி இன்னிக்குத்தாங்க என்னைய எது வேணும்னு கேக்குறீங்க. சீக்கிரம் முடிஞ்சிருமேன்னுதான் மாத்தி மாத்திச் சொன்னேன்."

அவள் மாதா படத்தை முந்தானையால் துடைத்தாள்.

"ஒரு ஜோடிய மட்டும் நீங்க வைக்கவே இல்லீங்க."

"எத?"

"போறதா, இருக்குறதான்னு."

இதை எழுதிவிட்டு நான் மேசையை விட்டு எழுந்து போய்விட்டேன். எழுதியவளே எழுந்து போகலாமா என்று கேட்காதீர்கள்.

4

முடிவுகள் இரண்டு வைத்திருந்தேன். ஒன்றில் கப்பல் ஏறுகிறார்கள். அரக்குப் பெட்டியை அவள் மடியில் வைத்துக்கொள்கிறாள். மற்றதில் இங்கேயே இருந்து, பக்கத்துத் திருமலைராயன்பட்டினத்துக் கல்யாண வீடுகளுக்கெல்லாம் ரவிக்கை தைக்கிறாள். நிரலிடம் கொடுத்தேன். "இதுவா, அதுவா?" என்று என்னைக் கேட்டது. தட்டப் போன விரல் நின்றுவிட்டது. அவளைக் கேட்காமல் நானும் கப்பலுக்கு ஏற்பாடு செய்கிறேனே!

அதனால் இவ்வளவுதான்: ரொபேர் பெட்டியை மூடினான். "போறதா, இருக்குறதா ழுலியேத்?" என்று கேட்டான்.

அவள் யோசிக்கிறாள். உங்களுக்கு ஒரு விடை தோன்றியிருக்கும். தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். அவன் காத்திருக்கிறான், நாமும் கொஞ்சம் பேசாமல் இருப்போம்.