பிடியை விடாதவன்

"அந்தப் பானையை அவன் கையிலயே திருப்பிக் குடுத்தனுப்புன்னு நேத்தே சொன்னேன்ல, நீ என்னடான்னா—"

"அக்கா, கதவு திறந்திருக்கு, அவன் அங்கதான் நிக்கறான், கொஞ்சம் மெதுவா—"

"நிக்கட்டும். அவன் காதுல விழணும்னுதான் பேசறேன். அன்னிக்கு விழாதது இன்னிக்காவது விழட்டும்," என்றாள் நெவெனா.

வாசலில் நின்ற ஜெகோவின் காதில் விழுந்தது. பானையைச் செருப்பு அலமாரியின் மேல் வைத்துவிட்டு, மருத்துவமனைக்குப் போகும் நேரத்தில் வருவதாகச் சொல்லிப் படியிறங்கிப் போனான். நெவெனா மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தாள். பாச்சா. பன்றிக்காலைப் பூண்டோடு வேகவைத்து ஆறவிட்டு, கூழாக உறைந்தது. முறிந்த எலும்புக்கு அதைவிட மருந்து இல்லை என்று யாம்போல் ஊரில் எல்லோருமே சொல்வார்கள். ஜெகோவின் அம்மா வாரம் தவறாமல் செய்து அனுப்புகிறாள். நெவெனாவும் வாரம் தவறாமல் அதைப் கீழ் முற்றத்துப் பூனைக்கு வைக்கிறாள். பூனை நன்றாகத் தேறிவிட்டது. தம்பிதான் தேறவில்லை.

மார்ச் மாதத்தில் நடந்தது அது. அவள் தம்பி கலினும் ஜெகோவும் ஒரே சங்கத்தில் சாம்போ மல்யுத்தம் பழகுகிறவர்கள். ஒரே எடைப் பிரிவு. இலையுதிர்காலத்துப் போட்டிக்கு அந்தப் பிரிவில் ஒருவன்தான் போக முடியும். அன்று பயிற்சியில் ஜெகோ கலினின் பாதத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு பின்னால் சாய்ந்தான். சாம்போவில் அது அனுமதிக்கப்பட்ட பிடிதான். வலித்தால் பிடிபட்டவன் கையால் தட்ட வேண்டும், தட்டினால் பிடித்தவன் அந்த நொடியே விட வேண்டும். ஜெகோ விடவில்லை. கணுக்காலுக்கு மேலே சின்ன எலும்பு முறிந்தது, தசைநார் கிழிந்தது.

கேட்டவர்களிடமெல்லாம் ஜெகோ ஒன்றையே சொன்னான்: "என் தப்புதான்." அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. தப்பு செய்தவன் இத்தனை சுலபமாக ஒத்துக்கொண்டால் உள்ளே இன்னும் பெரிதாக ஏதோ இருக்கிறது என்று நெவெனாவுக்குப் பட்டது. பள்ளிக்கூடச் சமையலறையில் பதினைந்து வருடம் வேலை பார்த்தவள் அவள். முட்டையைத் திருடிய பையன்தான் முதலில் வந்து தட்டு கழுவித் தருவான் என்பது அவளுக்குத் தெரியும்.

அதனால் அவள் அவனைக் கவனித்தாள். வீக்கம் எப்படி இருக்கிறது என்று அவன் கேட்டால், எத்தனை மாதம் கலின் தனக்குப் போட்டியாக வரமாட்டான் என்று கணக்குப் போடுகிறான் என்று நினைத்தாள். ஒருநாள் அவன் கலினின் கெண்டைக்காலைக் கைவிரல்களால் சுற்றி வளைத்துப் பார்த்தான். கட்டுப் பிரித்த கால் குச்சியாக மெலிந்திருந்தது. அளவெடுக்கிறான் பார் என்று எண்ணிக்கொண்டாள். அவள் காப்பியோடு உள்ளே வந்தால் இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். மிரட்டுகிறானோ என்றுகூடத் தோன்றியது. வாயை மூடிக்கொண்டு இரு, இல்லையென்றால் மற்ற காலும் போகும் என்று.

சங்கத்துக்குப் போய் பயிற்சியாளர் ராதொயிடம் புகார் சொன்னவள் அவள்தான். என் தம்பி தட்டினான், ஒருமுறை இல்லை, இரண்டு முறை தட்டினான், இவன் வேண்டுமென்றே விடவில்லை என்றாள். ராதொய் கண்டிப்பானவர். தட்டிய பிறகும் பிடியை விடாதவனுக்கு அவர் பயிற்சிக்கூடத்தில் இடமில்லை. வலித்தும் தட்டாதவனுக்கும் இடமில்லை, அவன் தன் காலை உடைத்துக்கொண்டு பழியை எதிராளியின் தலையில் போடுகிறவன் என்பார். அவர் சொன்னதில் முதல் பாதி மட்டுமே நெவெனாவுக்குத் தேவைப்பட்டது. இன்று மாலை அவர் வீட்டுக்கு வருகிறார். கலின் வாயால் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் போதும், நாளையே ஜெகோவின் பெயரைச் சங்கத்திலிருந்து எடுத்துவிடுவார்.

நேரமானதும் ஜெகோ வந்தான். அடுக்குமாடியில் மின்தூக்கி கெட்டுப்போய் யாரும் கவலைப்படுவதாக இல்லை. நான்கு மாடியும் கலினை முதுகில் சுமந்துதான் இறக்க வேண்டும். இந்த ஒன்றில் மட்டும் நெவெனாவுக்கு வேறு வழியில்லை. ஊன்றுகோல்களைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனாள், கண்ணை ஜெகோவின் பாதத்திலிருந்து எடுக்காமல். வேண்டுமென்றே தடுக்கி விழுகிறவர்களும் உலகத்தில் உண்டு.

மருத்துவமனையில் தோன்கா என்ற இயன்முறைச் சிகிச்சைக்காரி அவளை நடைவழியிலேயே பிடித்துக்கொண்டாள். பருத்த உடம்பு, குத்துச்சண்டைக்காரன் மாதிரிக் கைகள்.

"உங்க தம்பிக்கு வாய் கீய் இருக்கா இல்லையா?" என்றாள். "பாதத்தை மெதுவா மடக்கறேன், வலிச்சா சொல்லுங்கறேன். சொல்றதில்ல. சரி, சொல்ல வெக்கமா இருந்தா மேசையில தட்டுன்னேன். அதுவும் இல்ல. போன தடவை அவன் கண்ணுல தண்ணி வந்த பிறகுதான் எனக்கே தெரிஞ்சுது. மறுநாள் மறுபடியும் வீங்கிப்போச்சு. இப்படியே போனா இந்தக் கால் எப்போ ஆறும்?"

அந்த வீக்கத்துக்கும் ஜெகோதான் காரணம் என்று நெவெனா வீட்டில் சண்டை போட்டிருந்தாள். படியில் இறக்கும்போது கைப்பிடியில் இடித்துவிட்டான் என்று. கலின் அன்று மறுக்கவில்லை.

தோன்கா உள்ளே போனாள். கதவு பாதி திறந்திருந்தது. நெவெனா ஒரு பக்கமும் ஜெகோ ஒரு பக்கமுமாக நின்றார்கள். தோன்கா பாதத்தைப் பிடித்து மேல்நோக்கி அழுத்தினாள். கலினின் நெற்றி வியர்த்தது. உதட்டைக் கடித்தான். அவனுடைய வலது கை மேசையின் ஓரத்தில் எழும்பியது, உள்ளங்கை விரிந்து, மேசைக்கு ஒரு விரற்கடை மேலே அப்படியே நின்றது. இறங்கவில்லை. தோன்கா இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். கை அங்கேயேதான் நின்றது.

"விடுங்க, போதும்," என்று ஜெகோ சத்தமாகச் சொன்னான். "அவன் தட்ட மாட்டான்."

சொன்ன பிறகுதான் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பது அவனுக்கு நினைவு வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனான்.

நெவெனா அவன் பின்னாலேயே போனாள். "உனக்கு எப்படித் தெரியும்?"

"சும்மா சொன்னேன் அக்கா."

"சும்மா சொல்ற ஆளா நீ? நாலு மாசமா உன் வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வரல."

அவன் ஊன்றுகோல்களை வாங்கிச் சுவரில் சரியாகச் சாய்த்து வைத்தான், அவை ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தன. பிறகு சொன்னதெல்லாம் இவ்வளவுதான்: அன்று பிடித்தபோது கலினின் முகத்தைத் தான் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை, ஆகவே தப்பு தன்னுடையதுதான், ராதொயிடம் எதுவும் சொல்ல வேண்டாம், கலினுக்கு சாம்போவை விட்டால் வேறெதுவும் இல்லை, தனக்காவது அப்பாவின் மெக்கானிக் கடை இருக்கிறது.

வீடு திரும்பும் வழியில் நெவெனாவின் சந்தேகத்துக்குப் போக இடமில்லாமல், அது அவளையே சுற்றிச் சுற்றி வந்தது. மார்ச் மாதம் ஆஸ்பத்திரிக் கட்டிலருகில் அவள்தான் கேட்டாள், தட்டினாய் அல்லவா என்று. கலின் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான். அதை அவள் ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள். இரண்டு முறை என்பது எங்கிருந்து வந்தது? யோசித்துப் பார்த்தாள். அவளிடமிருந்துதான்.

சாயங்காலம் ஜெகோ கிளம்ப எழுந்தபோது அவனை உட்காரச் சொன்னாள். அவன் சந்தேகமாகப் பார்த்தான், இப்போது அவன் முறை. பானையை எடுத்துவந்து பாச்சாவைத் துண்டு போட்டு, வினிகர் தெளித்து, தட்டுகளில் வைத்தாள். கலின் தட்டையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தான்.

"பூனைக்கு என்ன ஆச்சு?" என்றான்.

அவள் சிரிக்கவில்லை.

ராதொய் மூச்சு வாங்க மேலே வந்தார். மின்தூக்கியைத் திட்டினார், தொப்பியைக் கழற்றினார், ஜெகோ அங்கே உட்கார்ந்திருப்பதைப் பார்த்து முகம் சுளித்தார். இவன் எதிரில் எப்படிக் கேட்பது என்றார். நெவெனா நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவள் சும்மா இருந்தால் போதும். தம்பி தலையைக் குனிந்துகொள்வான், ராதொய் அதை ஆமாம் என்று எடுத்துக்கொள்வார், அவள் எடுத்துக்கொண்ட மாதிரியே. குளிர்காலத்துக்குள் கால் தேறிவிடும், கலின் கூடத்துக்குத் திரும்பிப் போவான். ஜெகோ கார்களுக்கு அடியில் படுத்திருப்பான். வாயைத் திறந்தால் ராதொயின் விதியின் மறுபாதி தம்பி தலையில் விழும்.

ஜெகோ அவளைப் பார்த்து, வேண்டாம் என்பதுபோல் கையை லேசாக உயர்த்தினான்.

"மாஸ்டர், ரெண்டு தடவை தட்டினான்னு உங்ககிட்ட சொன்னது நான்," என்றாள். "கலின் சொல்லல. இவன் இதுவரைக்கும் ஒண்ணுமே சொல்லல." பிறகு தம்பியின் தட்டை ஒதுக்கிவிட்டு, மேசையின் மேல் கிடந்த அவன் வலது கையைப் பார்த்தபடியே கேட்டாள்:

"சொல்லுடா கலின். நீ தட்டினியா?"