நூற்றுப்பத்து றாத்தல்

“எத்தனை றாத்தல் இருப்பீங்க தங்கச்சி?” என்று மஃறூப் நானா கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. அவர் நோர்வூட் பஜாரில் கார் சீட் தைப்பவர். வாடகைக்கு ஓடும் எங்கள் ஹயர் காரின் பின் சீட்டுக்குப் புது ஸ்பிரிங் வேண்டியிருந்தது. அதில் வழக்கமாக உட்காருகிறவரின் எடை தெரிந்தால் அதற்குத் தோதாகப் போடலாம் என்றார். பக்கத்தில் நாலு டிரைவர்மார் நின்றார்கள்.

“நூத்திப்பத்து,” என்றேன்.

அது என் கல்யாணத்துக்கு முந்திய எடை. அதைச் சொன்ன அறுபத்திரண்டாம் வருஷத்தில் எனக்கு மூன்று பிள்ளைகள்.

சீட் வந்த மறுநாள் ஹட்டன் கோயிலுக்குப் புறப்பட்டோம். வழியில் கார் மூன்று தரம் நின்றது. நான் எப்போதும் டிரைவருக்கு நேர் பின்னால் உட்காருவேன். “மெதுவாப் போங்க” என்று காதில் சொல்ல அதுதான் வசதி. நான் இறங்கினால் கார் ஓடியது. ஏறினால் ஒரே குலுக்கலில் எஞ்சின் செத்தது.

“ஒனக்கும் காருக்கும் ராசியில்ல புள்ள,” என்றார் காரை ஓட்டிய என் வீட்டுக்காரர் முத்துலிங்கம்.

“ராசியாவது மண்ணாவது! அந்த நானா கை வச்ச பெறகுதானே இப்புடி? வயரை எங்கயோ நசுக்கிட்டாரு.” நியாயம் பேசுவதென்றால் நான் முன்னுக்கு நிற்பேன்.

என் வீட்டுக்காரர் காரை நேரே நானாவின் கடைக்கு விட்டார். “நானா, இவ ஏறி ஒக்காந்தா கார் நிக்கிது. கோளாறு என்னன்னு நாளைக்குள்ள காட்டணும். இல்லாட்டி ஸ்டாண்டுல ஒருத்தனும் இனி ஒங்ககிட்ட வேலை குடுக்கமாட்டான்.”

நானாவின் முகம் சுண்டிப்போயிற்று. “வயர் ஒண்ணையும் நான் தொடல்ல தம்பி. தங்கச்சி ஒக்கார்ற மூலைக்குக் கீழதான் பெட்டரி இருக்கு. பாரம் ஏறினா நிக்கிதுன்னா, பாரத்தை ஏத்திப் பாப்போமே.”

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குக் காரைக் கொண்டுபோனோம். செல்லசாமி கணக்கப்பிள்ளை உர மூட்டை ஒன்றைச் சரியாக நூற்றுப்பத்து றாத்தலுக்கு நிறுத்து, அந்த மூலையில் வைக்கச் சொன்னார். காரைக் குலுக்கினார்கள். எஞ்சின் ஓடியது. மேலே பத்து றாத்தல் எடைக்கல் ஒன்று. ஓடியது. இன்னொன்று. ஓடியது. எனக்கு வேர்த்தது.

நூற்றறுபதில் ‘டப்’ என்றது. எஞ்சின் நின்றது. சீட்டுக்குள் அடைத்த தேங்காய்த் தும்பு கருகிய நாற்றம். சீட்டைத் தூக்கினால், ஸ்பிரிங் முனை பெட்டரியில் பட்டுக் கறுத்திருந்தது.

“இந்தா, முட்டியிருக்கு!” என்றார் நானா. “ஆனா நான் போட்டது நூத்திப்பத்துக்குத் தம்பி.”

“என் பொஞ்சாதியும் நூத்திப்பத்துதானே! அவ சொன்னா சொன்னதுதான். அவ ஒக்காந்தாலே நிக்கிதுன்னா, நீங்க வேற எங்கயோ வயரைக் கெடுத்துட்டீங்க.”

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் அந்த மனுஷன் என் பேச்சை நம்பியது அன்றைக்குத்தான்.

நானா என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். செருப்பைக் கழற்றினேன், என்னவோ அதுதான் ஐம்பது றாத்தல் என்கிற மாதிரி. மூட்டை நிறுக்கும் பெரிய தராசில் ஏறி நின்றேன்.

ஆளின் பேரையும் எடையையும் உரக்கக் கூவுவது கணக்கப்பிள்ளையின் பழக்கம். ஆள் பார்த்துக் குரலைத் தாழ்த்த அவருக்குத் தெரியாது.

“அம்மாக்கண்ணு! நூத்தி அறுபத்தி மூணு!”

கூடையோடு நின்ற கொழுந்துக்காரிகள் அத்தனை பேரும் திரும்பினார்கள். அவர்களில் பூரணிதான் வாயைத் திறந்தாள்: “ஐயா, எங்க கொழுந்துக்கு மட்டும் ஈரம்னு கழிக்கிறீங்களே. அந்த அக்காவுக்கும் அஞ்சு றாத்தல் கழிச்சுப்புடுங்கய்யா, பாவம்!”

சிரிப்பு ஓய்வதற்குள் என் வீட்டுக்காரர் நானாவின் கையைப் பிடித்துக்கொண்டார். “மன்னிச்சுக்குங்க நானா. ஸ்டாண்டுல நானே சொல்லிடறேன்.”

“பெட்டரிக்கு மேல ரப்பர் போடாதது என் பிழையுந்தான் தம்பி,” என்றார் அவர். பிறகு என் பக்கம் திரும்பினார். “இப்ப எத்தனைக்கு ஸ்பிரிங் போடட்டும் தங்கச்சி?”

“நூத்தி எழுபது.”

“ஏழு றாத்தல் கூடுதே?”

“தீவாளி வருதுல்ல நானா.”