பையின் கீழே மன்றாட்டு

புனிதத்தின் சுத்தத்தை முல்லைத்தீவுக் கரையில் யாரும் குறை சொல்ல முடியாது. கணவர் மரியநேசனுக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதாகி, வயிற்றில் குழாய் வைத்து ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பியபோது, வீட்டிலேயே நல்ல அறையை அவருக்கு ஒதுக்கினாள். வலைத்துண்டு, மீன்பெட்டி, செருப்பு எதுவும் அந்த வாசலைத் தாண்டக் கூடாது. மகன் அனிஸ்ரன் கடலால் வந்து தகப்பனை எட்டிப் பார்ப்பதென்றாலும் முழுகிவிட்டுத்தான் வர வேண்டும். "கொம்மாட்ட விசா எடுத்தால்தான் உள்ளுக்கு வரலாம்" என்று மரியநேசன் மகனிடம் சொல்லிச் சிரிப்பார்.

வேலை ஒன்றும் மாயமில்லை. மருந்துத் தண்ணீர்ப் பையைக் கொக்கியில் மாட்டி, குழாய் வழியே வயிற்றுக்குள் விட வேண்டும். அது சில மணி நேரம் உள்ளே கிடந்து, சிறுநீரகம் கழிக்க வேண்டிய அழுக்கை எடுத்துக்கொள்ளும். பிறகு தரையில் கிடக்கும் வெறும் பைக்குள் வடிய விட வேண்டும். பகலும் இரவுமாக இதே பாடுதான். பயம் ஒன்றே ஒன்று, கிருமி.

"வடிஞ்ச பையை எழுத்துள்ள கடுதாசிக்கு மேல வச்சுப் பாருங்கோ அம்மா. எழுத்தை வாசிக்கக்கூடியதா இருந்தால் சரி. கலங்கிக் கிடந்தால் மினக்கெடாமல் பையோட வாங்கோ" என்று தாதி படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். மரியநேசன் ஏற்கெனவே ஒரு தரம் கிருமி பிடித்துத் தப்பியவர். இன்னொரு தரம் பிடித்து, அதைக் கவனிக்காமலும் விட்டால் ஆளைக் காப்பாற்றுவது கடினம் என்று டொக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

கடுதாசி என்று தாதி சொன்னது பழைய பேப்பரைத்தான். மீன் சுற்றுகிற பேப்பரை அந்த அறைக்குள் விடுவதா? புனிதம் சும்மா இருப்பாளா? கோயிலில் கொடுத்த மாதா மன்றாட்டுத் தாளுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு, மருந்து தோய்த்துத் துடைத்து, அறையிலேயே வைத்துக்கொண்டாள். பார்த்ததும் ஆயிற்று, மன்றாடியதும் ஆயிற்று. ஒவ்வொரு தரமும் வடிந்த பையை அதன்மேல் வைத்து, உதடசைய முழுவதும் வாசித்த பிறகுதான் கொண்டுபோய் ஊற்றுவாள். ஆஸ்பத்திரிக்காரருக்கே தான் வகுப்பெடுக்கலாம் என்று உள்ளுக்குள் ஒரு பெருமையும் புழுகமும் இருந்தது.

சோளகக் காற்று மண்ணை வாரி அடித்த கிழமை அது. மரியநேசன் சோற்றை அளைந்துவிட்டு அப்படியே எழும்பினார். வயிறு இறுக்கிப் பிடிக்கிறது என்றார். கொளுத்தும் வெயிலில் போர்வை கேட்டார். புனிதம் ஓடிப்போய்ப் பையைத் தாளின்மேல் வைத்து வாசித்தாள். ஒரு சொல் தவறாமல் வந்தது. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"ஒண்டுமில்லையப்பா, தண்ணி தெளிவாத்தான் கிடக்கு. நேற்றுச் சாப்பிட்ட கணவாய் செமிக்கேல்லைப் போல" என்று சொல்லிப் பனடோல் குளிசை கொடுத்தாள்.

அடுத்த நாள் அவர் எழும்பவில்லை. உடம்பு நடுங்கியது. வயிற்றில் கை பட்டாலே முனகினார். வடிந்து முடிந்ததும், அவரைத் தாங்கிப் பிடித்தபடியே புனிதம் மருமகள் நிதர்சனாவைக் கூப்பிட்டாள்.

"கையை நல்லாக் கழுவிப்போட்டு வா பிள்ளை. அந்தப் பையைத் தாளுக்கு மேல வச்சு வாசி."

நிதர்சனா வைத்தாள். குனிந்தாள். இன்னும் குனிந்தாள்.

"மாமி, ஒண்டும் தெரியேல்லையே."

"கண்ணைத் திறந்து பார்."

"திறந்துதான் பாக்கிறன். அரிசி கழுவின தண்ணி மாதிரிக் கிடக்கு. கீழ எழுத்து இருக்கெண்டே தெரியேல்லை."

புனிதத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. முரசுமோட்டைச் சைவப் பெட்டைக்கு மாதா மன்றாட்டை வாசிக்கத் தெரியுமா? "தள்ளு அங்கால" என்று வந்து குனிந்தாள். முதல் வரியைத் தொடங்கினாள். இரண்டாவதும் வந்தது. மூன்றாவதும் வந்தது. நிதர்சனா அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மாமி, நீங்கள் வாசிக்கேல்லை. சொல்லுறியள்."

அவள் பெரிய எழுத்தில் அச்சடித்த மருந்துப் பெட்டி மட்டையைக் கிழித்துப் பைக்குக் கீழே செருகினாள். புனிதம் பார்த்தாள். எழுத்து இல்லை. மட்டையும் தெரியவில்லை. வெள்ளையாக, நூல் நூலாக ஏதோ மிதந்துகொண்டிருந்தது. கோயிலில் புதுநன்மை எடுத்த சின்ன வயதிலிருந்து பாடமான மன்றாட்டு, அதற்குக் கண் எதற்கு?

நிதர்சனா அனிஸ்ரனை ஓட்டோவுக்கு விரட்டிவிட்டு, தாதிக்குப் போன் எடுத்து விஷயத்தைச் சொல்லி மாமியின் காதில் வைத்தாள்.

"பையோட உடன வாங்கோ அம்மா. எப்ப தொடக்கம் கலங்கினது? டொக்டருக்குக் கட்டாயம் சொல்ல வேணும்."

புனிதம் யோசித்தாள். நேற்று? முந்தநாள்? அந்தக் கிழமை முழுக்க வடித்த பைகளில் ஒன்றின் நிறமாவது நினைவுக்கு வருகிறதா என்று துழாவினாள். மன்றாட்டுத்தான் வந்தது. உள்ளே மரியநேசன் அவளுடைய பெயரைச் சொல்லி முனகினார்.

"அம்மா, கேக்குதே? எத்தினை நாளா?"

"தெரியாது மிஸ்" என்றாள் புனிதம். "நான் ஒரு நாளும் தண்ணியைப் பாக்கேல்லை."