வலது மூலையில் ஒரு தூசி

1

இந்தக் கதை ஒரு தூசியில் பிறந்தது. எல்லாம் கற்பனை என்று சத்தியம் செய்யலாம்தான். ஆனால் எங்கள் போட்டோ குழுவில் இருப்பவர்கள் இதைப் படிப்பார்கள். அவர்களிடம் என் சத்தியம் செல்லாது.

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: ‘ஏரியின் மேல் மெல்லிய பனி படர்ந்திருந்த அந்த அதிகாலையில்...’ அடித்துவிட்டேன். குழுவில் ஆளாளுக்கு ஏரி, பனி, ஒற்றை மரம் என்று எடுத்துத் தள்ளுகிறார்கள். கதையிலாவது கண்ணுக்கு ஓய்வு வேண்டாமா?

2

ஞாயிறுதோறும் ஆளுக்கொரு இயற்கைக் காட்சி போடுவோம். எந்த லென்ஸ் என்று மற்றவர்கள் சொல்ல வேண்டும். பிறகு சண்டை. சண்டைக்காகத்தான் படமே.

பல் டாக்டர் அகன்ற லென்ஸ் கட்சி. வானம் மொத்தமும் வேண்டும் அவருக்கு. (பல் டாக்டர் என்பது பொய். உண்மையான வேலையைச் சொன்னால் ஆளைப் பிடித்துவிடுவீர்கள்.) பாட்டு டீச்சர் டெலி லென்ஸ் கட்சி, தூரத்து மலையை இழுத்து மடியில் வைத்துக்கொள்வார். குழுவில் இருவரும் கீரியும் பாம்பும். டாக்டர் படத்தில் மலையைத் தேடப் பூதக்கண்ணாடி வேண்டும் என்பார் டீச்சர். டீச்சரின் மலைக்கு மூச்சு முட்டுகிறது என்பார் டாக்டர்.

மனைவி இறந்துபோனபின் டாக்டர் சுவரையே வெறித்துக்கொண்டிருந்தார். வெளியூர் மகள்தான் கேமரா வாங்கி அனுப்பி, இந்தக் குழுவையும் தொடங்கினாள். இன்றும் அவள்தான் அட்மின். அப்பாவுக்கு ஒரு துணை வேண்டாமா என்று யாராவது வாயெடுத்தால் போனை வைத்துவிடுவாள். அம்மா போன துக்கம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை. மனிதர் அவளுக்குத்தான் பயப்படுவார்.

3

போன ஞாயிறு டாக்டர் ஏரி போட்டார், டீச்சர் மலை. வழக்கமான அடிதடி. நான் வெட்டியாக இரண்டையும் பெரிதாக்கினேன். இரண்டு வானத்திலும் வலது மூலையில் ஒரே மங்கல் புள்ளி, வளைந்த வாலோடு.

(படம் எடுக்காதவர்களுக்கு: கேமராவுக்குள் தூசி உட்கார்ந்துவிட்டால், எந்த லென்ஸை மாட்டினாலும் படத்தில் அதே இடத்தில்தான் விழும்.)

லென்ஸை மாற்றி மாற்றிச் சண்டை போட்டவர்கள், கேமராவை மாற்ற மறந்துவிட்டார்கள். ஒரே கேமரா, ஒரே பயணம். ஊர் பார்க்கத்தான் சண்டை. அட கள்ளப் பூனைகளா!

இதுவரை எழுதியதைப் படித்த என் மனைவி, “அடுத்தவங்க வானத்துல உங்களுக்கு என்ன வேலை? மக பாக்கறதுக்குள்ள அவர்கிட்ட சொல்லித் தொலைங்க” என்றாள். நான் நான்காம் பகுதியைத் தொடங்கினேன்.

4

முடிவு ஒன்று: மகள் பார்த்துவிடுகிறாள். டீச்சரைக் குழுவிலிருந்து தூக்குகிறாள். டாக்டர் பழையபடி சுவர் பக்கம் திரும்புகிறார். எனக்கே பொறுக்கவில்லை.

முடிவு இரண்டு: அவள் கவனிக்கவே இல்லை. நம்பமாட்டீர்கள். தூசி பிடிப்பதில் அவள் புலி. “அங்கிள், உங்க வானத்துல பேன் ஊருது” என்று என் மானத்தை வாங்கியவள்.

முடிவு மூன்று: டாக்டர் தைரியமாக மகளுக்குப் போன் செய்து

5

போன் சிணுங்கியது. இன்றும் ஞாயிறுதான். மகள் ஒரு படம் போட்டிருந்தாள். இதுவரை தீர்ப்பு மட்டும் சொன்னவள், படம் போட்டதே இல்லை. அவள் ஊர் மொட்டைமாடி, மேலே வெறும் வானம். கீழே எழுதியிருந்தாள்: “எந்த லென்ஸ்? அப்பாவும் டீச்சரும் மட்டும் சொல்லுங்க.”

பெரிதாக்கினேன். வலது மூலையில் அதே புள்ளி, அதே வால்.

அப்பாவின் கேமரா இங்கே இருக்கிறது, அவள் அங்கே. அப்படியென்றால் அதை அவளே வரைந்திருக்கிறாள்.

கேலியா, கோபமா, சம்மதமா? டாக்டர் டைப் செய்வதாகக் காட்டுகிறது, நிற்கிறது. உடனே டீச்சர் டைப் செய்கிறார், நிற்கிறது. ஒரே சோபாவில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள் போல. என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு மூக்கை உறிஞ்சுகிறாள்.

பதில் என்ன வரும் என்பதை உங்களிடமே விடுகிறேன். முடிவு செய்வதற்கு முன் அந்த வாலை மட்டும் ஒருமுறை பெரிதாக்கிப் பாருங்கள். கோபத்தில் இருக்கிறவள் இவ்வளவு பொறுமையாக வரையமாட்டாள்.