நீங்கள்தானா?

பானுமதியின் போன் அவளைத் திட்டியது. 'உங்கள் கடவுச்சொல் பலவீனமானது. பல கணக்குகளுக்கும் ஒன்றையே வைத்திருக்கிறீர்கள்' என்று சிவப்பாகக் காட்டியது. இதைச் சொல்ல ஒரு போனா வேண்டும்? மாமல்லபுரத்தை ஒட்டிய அந்தக் குப்பத்தில் யாரைக் கேட்டாலும் கடவுச்சொல் அவரவர் படகின் பதிவு எண்தான். மறக்காது, பாருங்கள். அதையே படகின் பக்கவாட்டில் கொட்டை எழுத்தில் பெயிண்ட் அடித்துக் கரையில் நிறுத்தியும் வைத்திருப்பார்கள். ஊரே படித்துவிட்டுப் போகும்.

ஊர் படிப்பதைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. அண்ணன் ஜம்புலிங்கம் படிப்பதுதான் தொல்லை. அவளுக்கு மெயிலை உண்டாக்கிக் கொடுத்தவனே அவன்தான். அவன் போனிலும் அது திறந்தே கிடக்கும். செங்கல்பட்டில் நர்ஸிங் முடித்ததும் வந்த முதல் வேலைக்கு, அவள் பார்ப்பதற்குள்ளேயே, 'வரமாட்டாள்' என்று பதில் போட்டுவிட்டான். பாசம்தான். அந்தப் பாசத்தில் அவளுக்கு மூச்சு முட்டியது.

இன்று காலை கோயம்புத்தூரிலிருந்து இரண்டாவது வேலை வந்திருக்கிறது. மதியத்துக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். அண்ணன் கடலில் இருக்கிறான், அங்கே சிக்னல் கிடையாது. கடவுச்சொல்லை மாற்றி அவனை வெளியே தள்ளிவிட்டுப் பதில் போட்டால்தான் ஆயிற்று. இல்லையென்றால் கரையேறியதும் இதையும் கெடுத்துவிடுவான்.

புதுச் சொல்லை அடித்தாள். 'நீங்கள்தானா? உறுதிசெய்ய உங்கள் எண்ணுக்குச் செய்தி அனுப்பியுள்ளோம்' என்றது போன். அந்த எண் அண்ணனுடையது. போன செய்தியைத் திரும்பப் பெற வழியில்லை. படகு சிக்னல் பிடித்த நிமிடம் அவன் போனில் அது போய் விழும்.

சரி, முதலில் பதிலையாவது அனுப்புவோம் என்று ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தாள். எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள். தப்பு வந்தால் சிரிப்பார்களோ என்ற பாழாய்ப்போன பயம். ஒருவழியாக முடித்து அனுப்பப் போகையில் திரை வெளுத்தது. 'கடவுச்சொல் மாற்றப்பட்டுள்ளது. மீண்டும் உள்நுழையவும்.'

வாசலுக்கு ஓடினாள். படகு கரையேறியிருந்தது. நனைந்த லுங்கியோடு ஜம்புலிங்கம் வாயெல்லாம் பல்லாக வந்துகொண்டிருந்தான்.

"பானு, எவனோ உன் மெயில ஒடைக்கப் பாத்துகினு இருந்தான். நீதானான்னு எனுக்குக் கேட்டு வந்துச்சு. இல்லன்னு அமுக்கிட்டேன். அப்டியே புது பாஸ்வேர்டும் போட்டுட்டேன்."

நான்தான் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் எதற்கு என்பான்.

"இன்னாண்ணா போட்ட? சொல்லு, அவசரம்."

"உனுக்கு எதுக்கு அந்த பேஜாரு?" அவள் தலையைத் தடவிக் கொடுத்தான். "எங்கைல பத்திரமா கீது."